அடக்கிய ஆசை எங்கே போகிறது?
பிராய்டுக்கே பதில் எழுதிய கல்கத்தா டாக்டர்

கல்கத்தாவில் (இன்று கொல்கத்தா) பார்சிபாகான் சந்து என்று ஒரு சிறிய தெரு இருக்கிறது. 1922-ம் ஆண்டு அந்தத் தெருவில் 14-ம் எண் வீட்டில் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். மொத்தம் 15 உறுப்பினர்கள். பெரும்பாலும் பேராசிரியர்களும் டாக்டர்களும். அவர்களில் 2 பேர் வெள்ளைக்காரர்கள்.

நாடெங்கும் சுதந்திரப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். ஆனால் இது அரசியல் சங்கம் அல்ல. மனிதன் தனக்கே தெரியாமல் மனதுக்குள் புதைத்து வைத்திருக்கும் ஆசைகளை ஆராயும் சங்கம்! இந்திய மனப்பகுப்பாய்வு சங்கம் என்பது அதன் பெயர்.

அதைத் தொடங்கியவரும் அந்த வீட்டுக்காரரும் ஒருவரே. அவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

மாஜிக் பழகிய மாணவர்

கிரீந்திரசேகர் 1887-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பீகாரில் உள்ள தர்பங்காவில் பிறந்தார். தந்தை சந்திரசேகர் போஸ், தர்பங்கா மகாராஜாவிடம் திவானாக இருந்தவர். 9 பிள்ளைகளில் கிரீந்திரசேகர்தான் கடைக்குட்டி.

படிக்கும் காலத்தில் அவருக்கு மாஜிக்கிலும் மெஸ்மெரிசத்திலும் ஆசை அதிகம். வீட்டுப் பெரியவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரிந்திருக்கும். ஆனால், ஒரு மனிதனை அரைத் தூக்கத்தில் ஆழ்த்தினால் விழித்திருக்கும்போது அவன் வாயில் வராத பேச்செல்லாம் வருகிறது அல்லவா? அந்தப் பேச்சு இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

1910-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். எல்லா நோய்களுக்கும் வைத்தியம் பார்த்தார். கூட்டமும் சேர்ந்தது. அதோடு நிற்கவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மனோதத்துவ வகுப்பு தொடங்கியதும், டாக்டராக இருந்தவர் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 1917-ல் எம்.ஏ. தேறினார். 1921-ல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். அந்தப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆராய்ச்சி நூலின் பொருள், மனம் ஆசைகளை அமுக்குவது எப்படி என்பதுதான்.

அடக்கம் வேறு, அமுக்கம் வேறு

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆபீசில் மேலதிகாரி திட்டுகிறார். குமாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். கோபம் இருப்பது அவருக்கே தெரியும். சாயங்காலம் ரெயிலில் நண்பரிடம் சொல்லிப் புலம்பிவிடுவார். இது வெறும் அடக்கம்.

இன்னொரு குமாஸ்தா இருக்கிறார். அவருக்குக் கோபமே வருவதில்லை. மேலதிகாரி தகப்பனைப் போன்றவர் என்று மனதார நம்புகிறார். ஆனால் அந்த அதிகாரியின் பைல் மட்டும் அவர் மேஜையில் அடிக்கடி காணாமல் போகிறது! கேட்டால், எப்படித் தொலைந்தது என்று சத்தியமாகவே தெரியாது என்பார். கோபம் அவர் கண்ணுக்கும் தெரியாத ஆழத்துக்குப் போய்விட்டது. வியன்னா டாக்டர் சிக்மண்ட் பிராய்டு சொன்ன அமுக்கம் இதுதான்.

சமூகமும் குடும்பமும் கூடாது என்று சொன்ன ஆசைகள் அடிமனதுக்குள் தள்ளப்படுகின்றன. அவை கனவாகவும், ஞாபக மறதியாகவும், காரணம் தெரியாத நோயாகவும் வேறு வாசல் வழியே வெளியே வருகின்றன என்பது பிராய்டின் கொள்கை.

கிரீந்திரசேகர் இதைப் புத்தகங்களைப் படித்தே கற்றுக்கொண்டார். அவருக்குக் குரு யாரும் கிடையாது. கடைசிவரை பிராய்டை நேரில் பார்த்ததும் இல்லை.

கற்பனைப் படம்

தன் நூலை அவர் பிராய்டுக்கு அனுப்பினார். இவ்வளவு தூரத்து நாட்டில் தன் கொள்கையை ஆராய ஒருவரா என்று பிராய்டுக்கு ஆச்சரியம். 1921-ல் அவரிடமிருந்து பதில் வந்தது. கடிதப் போக்குவரத்து பல ஆண்டுகள் தொடர்ந்தது.

பிராய்டின் முகம் எப்படி இருக்கும் என்று கல்கத்தாவில் யாருக்கும் தெரியாது. ஜதீந்திரகுமார் சென் என்ற ஓவிய நண்பர், எழுத்தைப் படித்தால் முகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கற்பனையாக ஒரு படம் வரைந்தார். அதையும் வியன்னாவுக்கு அனுப்பினார்கள்! படம் நிஜத்தைவிட அழகாக இருக்கிறது என்று பிராய்டு வேடிக்கையாக எழுதினார்.

1931-ல் பிராய்டின் 75-வது பிறந்த நாளுக்குக் கல்கத்தா சங்கம் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலையை அனுப்பியது. கடவுள் நம்பிக்கை இல்லாத அந்த மேதை அதைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார்.

இத்தனை மரியாதை இருந்தும், கிரீந்திரசேகர் தலையாட்டிப் பொம்மையாக இருக்கவில்லை. ஒவ்வோர் ஆசைக்கும் நேர் எதிரான ஓர் ஆசை கூடவே பிறக்கிறது என்றார் அவர். தாய் ஊட்டச் சாப்பிடும் குழந்தை, சிறிது நேரத்தில் தன் பிஞ்சுக் கையால் தாய்க்கே ஊட்டப் பார்க்கிறது. ஊட்டப்படும் ஆசையும் ஊட்டும் ஆசையும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மேலே வந்தால் மற்றது அமுங்குகிறது. ஆகவே, ஆசையை அமுக்குவது வெளியே இருக்கும் கட்டுப்பாடு மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் எதிர் ஆசையே என்பது அவர் வாதம்.

சிகிச்சையும் அதற்கு ஏற்றபடிதான். வியன்னாவில் நோயாளி சோபாவில் படுப்பார். இங்கே சாய்வு நாற்காலி. அடிக்க நினைப்பவரை, அடி வாங்குபவராகத் தன்னைக் கற்பனை செய்யச் சொல்வார். பிறகு மறுபடியும் அடிப்பவராக. ஏற்றப் பலகைபோல மாறி மாறி இரண்டு பக்கமும் போய் வந்தால், அமுங்கியது மேலே வந்துவிடும் என்றார்.

1929-ல் அவர் பிராய்டுக்குத் தன் கட்டுரைகளை அனுப்பினார். ஐரோப்பிய நோயாளிகளிடம் நீங்கள் காணும் பயங்கள் என் இந்திய நோயாளிகளிடம் அதே விதத்தில் இல்லை என்று தெரிவித்தார். பிராய்டு பாராட்டினார், முழுவதுமாக ஒப்புக்கொள்ளவில்லை. கிரீந்திரசேகரும் மாறவில்லை. அடிமை நாட்டு டாக்டர் ஒருவர், தான் கண்டதை நம்பி இப்படி எழுதியது சாதாரணக் காரியம் அல்ல.

கதைகளில் வந்த நோயாளிகள்

டாக்டர்கள் பெயர் வைப்பதற்கு முன்பே வங்காள எழுத்தாளர்கள் இந்த நோயைப் பார்த்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். தாகூரின் சோக்கேர் பாலி நாவல் 1903-ல் வந்தது. அதில் வரும் இளம் விதவை வினோதினிக்குப் படிப்பு உண்டு, அழகு உண்டு, ஆசையும் உண்டு. ஆனால் ஆசை இருக்கக்கூடாது என்பது ஊர்ச் சட்டம். அந்த ஆசை ஒரு குடும்பத்தையே ஆட்டிவைக்கிறது. 1917-ல் வந்த சரத் சந்திரரின் சரித்திரஹீன் நாவலில் கிரண்மயி கடைசியில் புத்தி பேதலித்துப் போகிறாள். சரத் சந்திரரைத் தமிழில் படித்துக் கண்ணீர் விட்டவர்கள், மனோதத்துவப் பாடம் படிக்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

கிரீந்திரசேகரின் வீட்டிலேயே ஓர் எழுத்தாளர் இருந்தார். அண்ணன் ராஜசேகர், பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். உடம்பில் ஒன்றும் இல்லாத ஒரு மனிதர் டாக்டர் டாக்டராக அலையும் கதை ஒன்றும் அவற்றில் உண்டு. தம்பி வைத்தியர், அண்ணன் வைத்தியர்களைக் கேலி செய்பவர்! கிரீந்திரசேகரும் சும்மா இருக்கவில்லை. வங்காளியில் கனவுகள் பற்றி ஒரு நூலும், சிவப்பு எறும்புக்கும் கருப்பு எறும்புக்கும் நடக்கும் சண்டையைக் குழந்தைகளுக்கான கதையாகவும் எழுதினார்.

1940-ல் லும்பினி பார்க் மனநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. இடம் கொடுத்தவர் அந்த அண்ணன்தான். ஆரம்பத்தில் 3 படுக்கைகள்.

பேச்சிழந்த கவிஞர்

1942 ஜூலையில் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் நோயில் விழுந்தார். பிரிட்டிஷ் ஆட்சியைக் கவிதையால் நடுங்க வைத்துச் சிறைக்குப் போனவர் அவர். படிப்படியாகப் பேச்சு போயிற்று. நினைவும் குழம்பியது. லும்பினி பார்க்கில் கிரீந்திரசேகரின் பார்வையில் சேர்த்தார்கள்.

கவிஞரின் செல்ல மகன் புல்புல் 1930-ல் அம்மை நோயில் இறந்திருந்தான். மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்தார். வறுமை வேறு. அமுக்கிய துயரம்தான் வாயை அடைத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றும். சுமார் 4 மாதம் அங்கே இருந்தார். குணம் இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

1953-ம் ஆண்டு மே மாதம் நஸ்ருலை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஜூன் 3-ந் தேதி கிரீந்திரசேகர் தனது 66-வது வயதில் காலமானார். அந்த ஆண்டு டிசம்பரில் வியன்னா டாக்டர்கள், பிராய்டின் அதே வியன்னா டாக்டர்கள், சோதித்துச் சொன்னார்கள்: இது அமுக்கிய துயரம் அல்ல, மூளையே சுருங்கும் நோய், மருந்து கிடையாது.

நஸ்ருல் அதே மவுனத்தில் மேலும் 23 ஆண்டுகள் இருந்து, 1976-ல் டாக்காவில் மறைந்தார்.