பாரடேயும் பொன் துகளும்

பொன் மஞ்சள் நிறமுடையது என்பதைச் சிறுவரும் அறிவர். அப்பொன்னே மிக நுண்ணிய துகள்களாகி நீரிற் கலந்து நின்றால் மாணிக்கம்போற் செந்நிறம் காட்டும். இவ்வியப்பின் காரணத்தை ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர்.

இவர் 1791ஆம் ஆண்டு இலண்டன் மாநகரையடுத்த நியூயிங்டனில் ஓர் ஏழைக் கொல்லருக்கு மகனாராய்ப் பிறந்தார். வறுமையால் பள்ளியில் நெடுநாள் பயிலும் பேறு பெற்றிலர். இளமையிலேயே, நூல்களைத் தைத்து அட்டையிடும் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். அங்கு வந்த நூல்களைக் கற்றே அறிவு பெருக்கினார். 1812இல் வேதியியல் அறிஞர் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதினார். அவற்றைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு விடுத்தார். அதன் பயனாக மறு ஆண்டில் இராயல் நிறுவனத்தில் உதவியாளரானார். 1831இல் காந்தத்தால் மின்னோட்டம் பிறத்தலைக் கண்டு பெரும்புகழ் எய்தினார். பிளாட்டினத் தகடு, தான் மாறாது நின்று ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒன்றுகூட்டுதலையும் ஆராய்ந்தார். அதற்குத் தகட்டின் மேற்பரப்பு தூயதாயிருத்தல் வேண்டும் எனத் தெளிந்தார்.

1840ஆம் ஆண்டினை ஒட்டி இவர்தம் உடல் நலிந்தது, நினைவாற்றல் குன்றிற்று. நேற்றுச் செய்தது இன்று மறக்கலாம் என்னும் நிலையிலும் இவர் சோர்ந்திலர். ஒவ்வொரு சோதனையையும் எண்ணிட்டு ஏட்டில் எழுதி வைத்தார். அவ்வேடே இவருக்கு நினைவாயிற்று.

இங்ஙனம் 1856இல், தம் அறுபத்து நான்காம் வயதில், பொன்னாராய்ச்சியைத் தொடங்கினார். மெல்லிய பொன்தாளினூடே ஒளி பச்சை நிறமாய் ஊடுருவக் கண்டார். பொன்னுப்புக் கரைசலைப் பாஸ்பரசினால் மாற்றியபோது செந்நிற நீர் கிடைத்தது. தெளிந்து தோன்றிய அந்நீரில் ஒளிக்கற்றையைச் செலுத்தினார். அதன் வழி ஒளிர்ந்தது. உருப்பெருக்கிக்கும் புலப்படாத பொன் துகள்கள் அதனுள் மிதத்தலை உணர்ந்தார். துகளின் அளவு மாற, நிறமும் மாறும் என்னும் உண்மையை 1857இல் அறிஞர் அவையில் விளக்கினார்.

1867இல் பாரடே மறைந்தார். இவர் தொட்ட துறையோ தழைத்தது. கட்டியாயிருக்கும்போது எளிதில் வினைபுரியாத பொன், நுண்துகளாயின் நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு கூட்டும் வினையூக்கியாதலைப் பின்னோர் கண்டனர். ஒளி ஊடுருவ, மின்னும் பாயும் வளைதகு படலங்களை இன்று நுண்ணிய உலோக இழைகளால் ஆக்குகின்றனர்.

நினைவு தளர்ந்தபோதும் முயற்சி தளராத பெரியார் பாரடே. குறையை எண்ணி வருந்தி நில்லாது, அதற்கொரு துணை தேடிக்கொண்டு கடமையைத் தொடர்தலே அறிவுடைமை என்பதை இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.