சிறை தந்த பிணி

சுப்பிரமணிய சிவா என்றவுடன் தூத்துக்குடியில் அவர் முழங்கிய மேடைப் பேச்சுக்களே பலர்க்கும் நினைவில் எழும். சிறையினின்று மீண்டபின் அவர் வாழ்ந்த பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசுவார் சிலரே. என் மாணாக்கர்க்கு அப்பகுதியையே யான் விரித்துரைப்பது வழக்கம்.

1884ஆம் ஆண்டு வத்தலக்குண்டிற் பிறந்த சிவா, 1908இல் வ. உ. சிதம்பரம்பிள்ளையோடு இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பெற்றார். அவருக்கு விதிக்கப்பட்ட பத்தாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. 1912இல் விடுதலை பெற்றபோது அவர்க்கு வயது இருபத்தெட்டு. சிறை புகுங்கால் நோயற்றிருந்த உடம்பில், வெளிவருங்கால் தொழுநோய் குடிகொண்டிருந்தது.

அடைத்து வைத்த அரசு அந்நோய்க்குப் பொறுப்பேற்கவில்லை. தொற்றுநோயாளர் எனக் கூறி, அவர் புகைவண்டியில் ஏறலாகாது எனத் தடையும் விதித்தது. புண்களைத் துணியால் மூடிக்கொண்டு, கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் அவர் ஊர் ஊராய்ச் சென்றார். 1913இல் 'ஞானபாநு' என்னும் இதழைத் தொடங்கினார். 1921இல் மீண்டுஞ் சிறைப்பட்டார். பாரதமாதாவுக்குக் கோயில் எடுக்க விழைந்து, 1923இல் பாப்பாரப்பட்டியில் அடிக்கல் நாட்டுவித்தார். அவ்வூரிலேயே 1925 யூலை 23ஆம் நாள், நாற்பத்தோராம் பிராயத்தில், உயிர் நீத்தார்.

இந்நோயின் கிருமியை நோர்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இலேயே கண்டறிந்தார். ஆயினும், நோயை மாற்றவல்ல சல்போன் மருந்துகள் 1940களிலேதான் வழக்கத்துக்கு வந்தன. ஆதலின், சிவாவுக்கு மருந்து கிட்டாமை காலத்தின் குறையென்று கொள்ளலாம். நோயாளியைப் பேணாது கைவிட்டு, அவர் செல்லும் வழியையும் அடைத்தமைக்குக் காலத்தை நோவது பொருந்தாது; அஃது ஆண்டோர் செய்த குறையே. தொழுநோய் எளிதிற் பரவுவதன்று என்பதும், உரிய மருந்துகளால் முற்றுங் குணமாகும் என்பதும் இன்று யாவரும் அறிந்தவை.

2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள், சிறை மருத்துவம் நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவையோடு இணைந்திருத்தல் வேண்டும் எனவும், சிகிச்சை இடையறாது தொடர்தல் வேண்டும் எனவும் வகுத்துள்ளன. காசநோய்க்குச் சிறையில் மருந்துண்பவன் விடுதலையாகும் நாளில் அது நின்றுவிடின், நோய் மீண்டு வலுக்கும், வீட்டாரையும் பற்றும். தண்டனைக்கு நீதிமன்றம் எல்லை வகுக்கிறது. சிறையிற் கொண்ட நோயோ அவ்வெல்லையில் நிற்பதில்லை. சிறைவாயிலைக் கடந்து வருபவனுக்கு அவன் ஊர் மருந்தகத்தின் வாயில் திறந்திருத்தல் வேண்டும். சிவாவின் வரலாற்றைக் கற்கும் மாணாக்கர், அவர்தம் வீரத்தோடு இதனையும் உளங்கொள்வாராக.