லாக் டேபிள் வைத்து மெட்டுக் கட்டியவர்

பிங்க் ஃபிளாய்டு கேட்கிற ஆள் எந்த ஹாஸ்டலிலும் ஒரு விங்குக்கு ஒருத்தராவது இருப்பாங்க. நீங்க அந்த ஆளாக இருந்தால் 1971இல் வந்த மெடில் ஆல்பத்தின் முதல் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒன் ஆஃப் தீஸ் டேஸ். பேஸ் கிட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் மற்றதெல்லாம் அடங்கி அந்த பேஸ் மட்டும் உறுமும். அந்த இடத்தில் கொஞ்சம் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. வேறொரு மெட்டின் சாயல் தலையைக் காட்டிவிட்டுப் போகும். அன்றைக்கு இங்கிலாந்தில் டிவி பார்த்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அது என்னவென்று உடனே தெரியும். டாக்டர் ஹூ தொடரின் டைட்டில் மியூசிக்.

அதைச் செய்தவர் பெயர் மட்டும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஏன்னா திரையில் போடவே இல்லை. அவர் பெயர் டெலியா டார்பிஷர்.

70களின் தொடக்கத்து பிரிட்டிஷ் ராக் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாரும் கிட்டார்காரர்களையும் கீபோர்டுகாரர்களையும்தான் எழுதுவார்கள். அவர்களைப் பற்றி ஏற்கெனவே வண்டி வண்டியாக இருக்கு. அந்தப் பாட்டுகளில் வருகிற, எந்த வாத்தியத்திலும் சேராத விநோதமான சத்தங்கள் இருக்கே, அவை எங்கிருந்து வந்தன என்று தேடிப்போனால் நீங்க டெலியா வீட்டு வாசலில்தான் போய் நிற்பீங்க. அதுவுமில்லாமல், அவர் செய்த வேலையில் பாதி நம்ம சிலபஸ்.

1937 மே 5, கோவென்ட்ரியில் பிறந்தார். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அப்பா தகடு வேலை பார்க்கும் தொழிலாளி. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரைக் குண்டு போட்டுத் தரைமட்டம் ஆக்கியபோது டெலியாவுக்கு மூன்று வயது. ஏறி இறங்கும் அந்த சைரன் சத்தம்தான் தன் முதல் எலக்ட்ரானிக் இசை என்று பின்னாளில் சொன்னார். போரின்போது ப்ரெஸ்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே விடிகாலையில் மில்லுக்குப் போகிற தொழிலாளிகளின் கட்டைச் செருப்புகள் கல் பாவிய தெருவில் எழுப்பும் தாளம். இந்த இரண்டு சத்தமும் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

படிப்பில் கெட்டி. 1956இல் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதம் படிக்க ஸ்காலர்ஷிப் கிடைத்தது. கூலி வேலைக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. போன பிறகு பாதியில் இசைக்கு மாறினார். 1959இல் இரண்டையும் சேர்த்துப் பட்டம் வாங்கினார்.

அடுத்து வேலை. இங்கே நம்ம பிளேஸ்மென்ட் செல் கதையை ஞாபகப்படுத்துகிற மாதிரி ஒரு கூத்து. ஒலி, இசை, ஒலியியல் மூன்றிலும் ஆர்வம் என்று பல்கலைக்கழக ஆலோசகர்களிடம் போய்ச் சொன்னால், காது கேட்கும் கருவி செய்கிற பக்கம் போகலாம், இல்லாவிட்டால் கடலின் ஆழம் அளக்கிற துறைக்குப் போகலாம் என்றார்களாம். டெக்கா ரெக்கார்டு கம்பெனியில் விண்ணப்பித்தார். ஸ்டூடியோ வேலைக்குப் பெண்களை எடுப்பதில்லை என்று அங்கே நேராகவே சொல்லிவிட்டார்கள். ஜெனீவாவில் பியானோவும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் உதவியாளராக இருந்தார், ஊர் திரும்பிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார், ஒரு இசைப் பதிப்பகத்திலும் வேலை பார்த்தார். 1960 கடைசியில் பிபிசியில் பயிற்சி ஸ்டூடியோ உதவியாளர். 1962இல் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்புக்குப் போகணும் என்று தானே கேட்டார். மேலே இருந்தவர்களுக்கு ஆச்சரியம். அங்கே ஆட்களை அனுப்பித்தான் வழக்கம், யாரும் ஆசைப்பட்டுப் போனதில்லை.

அந்த ஒர்க்‌ஷாப் லண்டனில் மைடா வேல் ஸ்டூடியோ கட்டிடத்தில் சில அறைகள். 1958இல் டாஃப்னி ஓரமும் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் தொடங்கியது. நாடகங்களுக்கு விசித்திரமான சத்தம் செய்து கொடுப்பதுதான் வேலை. சிந்தசைசர் கிடையாது. கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தது டேப் ரெக்கார்டர்கள், ஒரு பிளேடு, ஒட்டும் டேப், ஃபில்டர்கள், கொஞ்சம் ஆஸிலேட்டர்கள். ஆஸிலேட்டர் என்றால் உங்க லேப் மேஜையில் தூசி படிந்து இருக்குமே, அதே ஜாதிதான். கருவிகளைச் சோதிப்பதற்காக வாங்கியவை, இசைக்காக இல்லை.

1963இல் ரான் கிரெய்னர் என்ற இசையமைப்பாளர் ஒரு புதிய தொடருக்கு மெட்டுப் போட்டு ஒற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த இடத்தில் காற்றுக் குமிழி, இந்த இடத்தில் மேகம் என்கிற மாதிரி குறிப்புகள் வேறு. மேகம் எப்படிச் சத்தம் போடும்? அது டெலியாவின் தலைவலி.

அவர் செய்ததை நிதானமாகப் பார்ப்போம், கதையின் உயிர் இதில்தான் இருக்கு. பேஸுக்கு ஒற்றைக் கம்பியை ஒரு தடவை மீட்டிப் பதிவு செய்தார்கள். மற்ற ஸ்வரமெல்லாம் அந்த ஒரே பதிவை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி எடுத்தவை. டேப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் சத்தம் ஒரு ஆக்டேவ் மேலே போகும். ஒரே ஒரு அரை ஸ்வரம் மேலே போகணும் என்றால் வேகத்தை இரண்டின் பன்னிரண்டாம் மூலத்தால், அதாவது சுமார் 1.0595 ஆல், பெருக்கணும். கால்குலேட்டர் இல்லாத காலம். டெலியா பையிலிருந்து லாக் டேபிள் புத்தகத்தை எடுப்பார். மேலே போகிற மெட்டுக்கு ஆஸிலேட்டர். மேகத்துக்கும் குமிழிக்கும் ஒயிட் நாய்ஸை ஃபில்டர் பண்ணியது.

பிறகு வெட்டு. டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வையுங்க. கால் வினாடி ஸ்வரம் வேணும் என்றால் 3.75 அங்குலம் அளந்து வெட்டணும். அடுத்ததை அளந்து, வெட்டி, ஒட்டணும். இப்படியே முழு மெட்டும். மல்ட்டிட்ராக் மெஷின் கிடையாது. பேஸ் ஒரு டேப், மெட்டு ஒரு டேப், மற்ற சத்தங்கள் ஒரு டேப் என்று மூன்றையும் ஒரே நொடியில் பட்டனை அழுத்தி ஓடவிட்டு, நான்காவதில் சேர்த்துப் பதிவு செய்யணும். ஒரு தடவை எங்கோ ஒரு ஒட்டு தப்பாக விழுந்து சுருதி சேரவில்லை. டெலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும் டேப்புகளை நீளமான வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, எந்த ஒட்டு இடம் தவறி இருக்கிறதென்று கண்ணால் பார்த்துப் பிடித்தார்கள். இதைவிட அழகான டீபக்கிங் நான் கேள்விப்பட்டதில்லை.

முடித்துப் போட்டுக் காட்டியபோது கிரெய்னர் அசந்துபோய், இதையா நான் எழுதினேன் என்று கேட்டாராம். பெரும்பகுதி நீங்க எழுதியதுதான் என்றாராம் டெலியா. கிரெய்னர் நல்ல மனுஷன். பெயரையும் ராயல்டியையும் டெலியாவோடு பகிர்ந்துகொள்ளத் தயாராக இருந்தார். பிபிசி விதி விடவில்லை: ஒர்க்‌ஷாப் ஊழியர்கள் தனித்தனிப் பெயரில் வரக்கூடாது, ஒர்க்‌ஷாப் என்றுதான் வரணும். 1963 நவம்பர் 23 அன்று தொடர் ஒளிபரப்பானது. டெலியாவுக்குக் கிடைத்தது மாதச் சம்பளம்.

அதற்காக அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அவருக்கு மிகவும் பிடித்த வாத்தியம் ஒரு பச்சை நிறத் தகரம். கூலிகான் என்ற கம்பெனி செய்த விளக்கு மூடி. அதைத் தட்டினால் மணி மாதிரி இழுக்கும். தட்டுகிற தொடக்கச் சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு, இழுக்கிற பகுதியை மட்டும் எடுத்து, அதில் என்னென்ன அலைவரிசைகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, அவற்றை ஆஸிலேட்டர்களில் திரும்பக் கட்டினார். ஃபூரியே தொடர் பரீட்சைக்குப் படித்த வஸ்துதானே என்று நினைக்கிறவர்கள், சஹாராவின் துவாரெக் மக்கள் பற்றிய படத்துக்காக 1967இல் இப்படி அவர் செய்த ப்ளூ வெயில்ஸ் அண்ட் கோல்டன் சாண்ட்ஸைக் கேட்டுப் பாருங்க. மணலில் சூடு அலையடிப்பது காதில் தெரியும்.

இதற்குள் ராக் உலகம் வாசலுக்கு வந்துவிட்டது. 1966இல் டெலியா, சக ஊழியர் பிரையன் ஹாட்ஜ்சன், பணக்கார இன்ஜினியர் பீட்டர் ஸினோவியெஃப் மூன்று பேரும் யூனிட் டெல்டா பிளஸ் என்று ஒரு குழு வைத்தார்கள். ஸினோவியெஃப் லண்டன் பட்னியில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஸ்டூடியோ கட்டி வைத்திருந்தவர். பிங்க் ஃபிளாய்டு ஆட்களை அங்கே அழைத்துப் போனது தான்தான் என்று டெலியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் டேவிட் வோர்ஹௌஸ் என்ற, எலக்ட்ரானிக்ஸ் படித்த டபுள் பேஸ் வாசிப்பாளரோடு சேர்ந்து, ஒயிட் நாய்ஸ் என்ற பெயரில் டெலியாவும் ஹாட்ஜ்சனும் முழுசாக ஒரு பாப் ஆல்பமே செய்தார்கள். ஐலண்ட் கம்பெனி 1969இல் வெளியிட்ட ஆன் எலக்ட்ரிக் ஸ்டார்ம். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்ததில் கம்பெனி பொறுமை இழந்து மிரட்ட, கடைசிப் பாட்டை அவசர அவசரமாக முடித்துக் கொடுத்தார்கள் என்பது கதை. விற்பனை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் வாங்கியவர்கள் பலர் பின்னால் தாங்களே இசை செய்ய வந்தவர்கள்.

வெளிவேலை செய்வது பிபிசி விதிக்கு விரோதம் என்பதால் சில வேலைகளுக்குப் புனைபெயர் வேறு. லி டி லா ரூஸ் என்று வைத்துக்கொண்டார். தன் செம்பட்டை முடியைத் தானே கேலி பண்ணிய பெயர். ஆக, உள்ளே செய்தால் பெயரில்லை, வெளியே செய்தால் பொய்ப்பெயர்.

அதே 1969இல் ஸினோவியெஃபின் இஎம்எஸ் கம்பெனி விசிஎஸ் 3 என்ற சிந்தசைசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 330 பவுண்டு. ஒயர்களுக்குப் பதில் 16க்கு 16 கட்டங்களில் சின்ன ஊசிகளைச் செருகி ஆஸிலேட்டரையும் ஃபில்டரையும் இணைக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் நாள் கணக்கில் வெட்டி ஒட்டியது இப்போது ஒரு பெட்டிக்குள். ராக் குழுக்கள் அள்ளிக்கொண்டன. 1971இல் தி ஹூ தங்கள் ஆர்கனை அதன் வழியாக அனுப்பினார்கள். 1972இல் ராக்ஸி மியூசிக்கில் பிரையன் ஈனோ அதை வைத்தே பெயர் வாங்கினார். 1973இல் பிங்க் ஃபிளாய்டின் டார்க் சைட் ஆஃப் தி மூனில் வருகிற ஆன் தி ரன், அதே கம்பெனியின் சூட்கேஸ் மாடலில் எட்டு ஸ்வரங்களைப் போட்டு வேகமாகச் சுழல விட்டது. இதே வேலையை டேப் லூப்பில் எத்தனையோ தடவை செய்தவர் டெலியா. ஆல்பம் அட்டையில் சிந்தசைசர் என்று போட்டு அதற்குப் பக்கத்தில் வாசித்தவர் பெயரும் போட ஆரம்பித்த காலம் அது.

அந்தக் கம்பெனியின் ராட்சத மாடல் ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கும் வந்தது. ஒரு சுவர் அளவு. தெருப்பெயரை வைத்து டெலவேர் என்று கூப்பிட்டார்கள். 1972இல் டாக்டர் ஹூ மெட்டை அந்த மெஷினில் புதிதாகச் செய்து தரச் சொன்னார்கள். டெலியா, ஹாட்ஜ்சன், பேடி கிங்ஸ்லண்ட் மூவரும் செய்தார்கள். நீங்களே தேடிக் கேளுங்க, பொம்மைக்குள்ளிருந்து வருகிற மாதிரி டொய்ங் டொய்ங் என்று இருக்கும். யாருக்கும் பிடிக்கவில்லை. தூக்கி வைத்துவிட்டு பிளேடால் வெட்டிய பழையதையே போட்டார்கள். அது 1980 வரை தாக்குப் பிடித்தது.

சிந்தசைசர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆன் தி ரன் எனக்கும் பிடிக்கும். ஆனால் தனக்கு வேண்டிய சத்தத்தைக் கணக்குப் போட்டுச் செய்தவருக்கு, மெஷின் தருகிற சத்தத்திலிருந்து பொறுக்கிக்கொள்வது எப்படி இருந்திருக்கும் என்று நினைச்சுப் பாருங்க. இதோடு இன்னொரு கசப்பு. அவர் செய்து கொடுத்தவற்றை ரொம்ப நுணுக்கமாக இருக்கு, வேண்டாம் என்று பிபிசியில் திருப்பி அனுப்பினார்கள். வெளியே அதையே போட்டுக் காட்டினால் ஜனம் கொண்டாடியது. 1973இல் வேலையை விட்டார். ஹாட்ஜ்சனோடு ஒரு பேய்ப்படத்துக்கு இசை செய்தார். அதோடு சரி.

டார்க் சைட் உலகம் பூரா விற்றுக்கொண்டிருந்த அந்த 70களில், அதற்கெல்லாம் முன்னோடியான பெண் இங்கிலாந்தின் வடக்கு மூலையில், கம்ப்ரியாவில், எரிவாயுக் குழாய் பதிக்கிற வேலைத்தளத்தில் ரேடியோ ஆபரேட்டர். பிறகு அதே பக்கத்தில் ஒரு கலைக்கூடத்தில் வேலை. 1980 முதல் நார்தாம்ப்டனில் துணைவரோடு வாழ்ந்தார். குடிப்பழக்கம் உடம்பைத் தின்றது. 90களின் கடைசியில் இளைய தலைமுறை எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். சோனிக் பூம் என்று அழைக்கப்படும் பீட்டர் கெம்பரோடு மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தார். நேரம் இல்லை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர், 2001 ஜூலை 3 அன்று சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 64 வயது.

2013இல் டாக்டர் ஹூ ஐம்பதாம் ஆண்டு எபிசோடில் முதல் தடவையாகத் திரையில் அவர் பெயர் வந்தது. மெட்டு ஒளிபரப்பாகி 50 வருஷம், அவர் போய் 12 வருஷம். 2017இல் கோவென்ட்ரி பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அவர் இறந்த பிறகு வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. கார்ன்ஃபிளேக்ஸ் மாதிரி பண்டங்கள் வருகிற அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 60களின் கடைசியில் செய்த ஒரு சின்னத் துண்டு அவற்றில் உண்டு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. போன வருஷம் ஏதோ கிளப்பில் போட்டது என்று சொன்னால் நம்பிவிடுவீங்க, அப்படி ஒரு பீட். பீட் வருவதற்கு முன்னால் டெலியாவின் குரல் கேட்கும்: இதை விட்டுத் தள்ளுங்க, சும்மா ஒரு ஆர்வத்துக்குச் செய்தது என்கிறார்.