கையைக் கட்டிக் கணக்குப் போட்டவர்

முழங்கைக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டினால் நரம்பு புடைக்கும். நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை. இதை வைத்தே 1400 வருட நம்பிக்கையைப் புரட்டிப் போட்டவர்தான் டாக்டர் வில்லியம் ஹார்வி.

1578-ல் இங்கிலாந்தில் பிறந்தார். இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் 1602-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சிரைக்குள் வால்வுகள் இருப்பதை அங்கே அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் காட்டினார்.

சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதுசு புதுசாக ரத்தம் தயாரிக்கிறது, உடம்பு அதைச் செலவழிக்கிறது என்று அன்று நம்பினார்கள். ஹார்வி கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுவது கொஞ்சம்தான் என்று வைத்தாலும், அரை மணி நேரத்தில் அது உடம்பின் மொத்த ரத்தத்தையும் தாண்டிவிடுகிறது. அவ்வளவுக்குச் சாப்பாடு ஏது? அதே ரத்தம்தான் சுற்றி வர வேண்டும்!

கையைக் கட்டிப் பார்த்தார். ரொம்ப இறுக்கினால் கை சில்லிட்டது. கொஞ்சம் தளர்த்தினால் சிரை புடைத்தது. சிரை ரத்தத்தை விரல் நுனிப் பக்கம் தள்ளினால் வால்வு விடவில்லை. இதயம் நோக்கி மட்டுமே வழி!

1628-ல் புத்தகம் வந்ததும் பலர் எதிர்த்தார்கள். அவர் அசரவில்லை. 1657-ல் காலமானார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661-ல் மால்பிகி மைக்ராஸ்கோப்பில் கண்டார்.

இன்றும் பட்டையைக் கட்டி, கை கால் எவ்வளவு உப்புகிறது என்று பிளெதிஸ்மோகிராஃப் கருவி அளக்கிறது. அடிப்படை அதேதான்.

எங்கள் ஜலகண்டாபுரத்தில் நாள் முழுக்கத் தறியில் நின்று, காலில் நரம்பு சுருட்டியவர்கள் உண்டு. என் அப்பாவும் ஒருவர். அது தலையெழுத்து இல்லை, வால்வு பழுது என்று வீட்டில் முதலில் படிக்க வந்த நான்தான் சொன்னேன். டாக்டரிடம் காட்டச் சம்மதித்துவிட்டார்.