பொருளியல் கற்ற வழக்கறிஞர்

டாக்டர் அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டத்தை வகுத்த மேதையாக நம் இளைஞர் அனைவரும் அறிவர். அவர் முதலில் ஆழ்ந்து கற்ற கல்வி பொருளியலே என்பதையும், வழக்கறிஞர் தொழிலால் குடும்பத்தைத் தாங்க அவர் பட்ட பாட்டையும் அறிந்தோர் சிலரே.

பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913இல் நியூயார்க் சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு லண்டனில் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் ஒருங்கே சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடியவே, 1917இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். பரோடாவில் அரசுப் பதவி கிடைத்தது. குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. பின்னர்ப் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பொருள் சேர்த்து, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசாவின் துணையும் பெற்று, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1922இல் பாரிஸ்டர் ஆனார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவரது ஆய்வு 1923இல் நூலாக வெளிவந்தது.

அவ்வாண்டே பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். அங்கே பாரிஸ்டருக்கு வழக்கைக் கொண்டுவந்து சேர்ப்போர் சொலிசிட்டர்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரிடம் வர அவர்கள் தயங்கினர். இத்தனை பட்டங்களும் அந்தத் தயக்கத்தை நீக்கவில்லை! வருவாய் போதாமையால் 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார். அதே 1925இல் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணைக்குழு அவரை அழைத்துச் சாட்சியம் கேட்டது. நாணயத்தின் அளவை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது என்பது அவர் கொள்கை. விலை ஏறுங்கால் கூலி உடன் ஏறாது, ஏழையே நலிவான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவர் தாமே பிரதிவாதியாக நின்ற வழக்கு ஒன்று உண்டு. மகாட் நகரின் சவுதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட 1924இல் நகராட்சி தீர்மானித்தும், அது ஏட்டளவிலேயே நின்றது. 1927 மார்ச்சில் மக்களுடன் சென்று அண்ணல் அந்நீரைப் பருகினார். டிசம்பரில் சாதி இந்துக்கள் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றனர். கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் குளத்தில் இறங்கத் துடித்தனர். சட்டத்தின் வழியே வெல்வோம் என்று அவர்களைத் தடுத்து நிறுத்தினார். அது எளிய முடிவன்று.

குளம் யாருக்கு உரியது? விலக்கிவைக்கும் வழக்கம் எத்தனை காலத்தது? அதற்குச் சான்று எங்கே? வழக்கு இக்கேள்விகளையே சுற்றிவந்தது. மாகாணங்களின் வரவுசெலவை நூறாண்டு ஏடுகளில் தேடி ஆராய்ந்தவர்க்கு இவை புதியன அல்ல என்றே எமக்குத் தோன்றுகிறது. முஸ்லிம்கள் அங்கு நீர் எடுத்துவந்ததும் வாதிகளின் கூற்றைத் தளர்த்தியது.

கீழ் நீதிமன்றம் 1931இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. குளம் நகராட்சிக்கு உரியது, விலக்கு தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச் 17ஆம் நாள் தீர்த்தது. அப்போது அவர் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தார்.