நெற்களஞ்சியத்தில் பட்டினி கிடந்த தளபதி

தஞ்சாவூர்ச் சீமை சோறுடைய சீமை. வழிப்போக்கனும் அங்கே பசியோடு போவதில்லை. அந்தச் சீமையிலேயே ஒரு பெரிய படை பசியால் தோற்று ஓடியது. அதை நடத்தி வந்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி.

லாலி 1702-ம் ஆண்டு பிரான்சில் பிறந்தார். தந்தை அயர்லாந்துக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் அதிகாரி. மகனும் சிறு வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்தார். 1745-ல் பாண்டினாய் என்ற இடத்தில் ஆங்கிலேயரோடு நடந்த போரில் பெரும் புகழ் பெற்றார்.

புதுச்சேரிக்கு வந்தார்

இந்தியாவிலிருந்து ஆங்கிலேயரை விரட்ட வேண்டும். இதற்காகப் பிரெஞ்சு மன்னர் லாலியை அனுப்பினார். 1758 ஏப்ரல் 28-ந்தேதி லாலி புதுச்சேரியில் இறங்கினார். ஜூன் 2-ந்தேதி கடலூர்க் கோட்டை அவர் கையில் விழுந்தது.

வீரம் இருந்தது. ஆனால் நாட்டு மக்களை மதிக்கும் குணம் இல்லை. வண்டி மாடு கிடைக்கவில்லை என்று, சாதி முறை பாராமல் ஊர் மக்களையே பாரம் இழுக்க வைத்தார். மக்கள் மனம் கொதித்தது.

56 லட்சம் ரூபாய்

அடுத்துப் பணம் இல்லை. தஞ்சை மன்னர் பிரதாப சிங் முன்பு சந்தா சாகிபுக்கு 56 லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பத்திரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதை வசூலிக்க லாலி தஞ்சைக்குப் படை நடத்தினார்.

கொள்ளிடக் கரையில் தேவிக்கோட்டையில் நெல் கிடைத்தது. குத்தி அரிசியாக்க உரலும் இல்லை, உலக்கையும் இல்லை. நெல்லைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சிப்பாய்கள் பட்டினி கிடந்தார்கள்.

நாகூர் கொள்ளை போனது. கீவளூர்க் கோயிலில் புதையல் தேடினார்கள். கிடைத்தவை பித்தளை விக்கிரகங்களே. ஒற்றர்கள் என்று சந்தேகித்து, அந்தணர் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அதன் பிறகு அந்தப் படைக்கு மனம் உவந்து சோறு போட யார் வருவார்?

தஞ்சை முற்றுகை

பிரதாப சிங் பேச்சு நடத்தியே நாளைக் கடத்தினார். திருச்சியிலிருந்து ஆங்கிலேயரின் சிப்பாய்கள் உதவிக்கு வந்தனர். லாலியின் பீரங்கிகள் கோட்டைச் சுவரை உடைத்தன. ஆனால் உள்ளே பாய வெடிமருந்து போதவில்லை. உணவோ இரண்டு நாளைக்குத்தான்! அந்த வேளையில் காரைக்கால் அருகே ஆங்கிலக் கப்பல்கள் தோன்றிய செய்தி வந்தது. முற்றுகையை விட்டுத் திரும்ப லாலி முடிவு செய்தார்.

ஆகஸ்ட் 10-ந்தேதி காலையில் தஞ்சைத் தளபதி மானோஜி படையோடு வெளியே பாய்ந்தார். லாலி உயிர் தப்பியதே அதிசயம். பெரிய பீரங்கிகளைப் போட்டுவிட்டுப் படை திரும்பியது. வழியெல்லாம் பசி, தாகம்; பின்னாலே தஞ்சைக் குதிரைப்படை.

முடிவு

பிறகு லாலிக்கு ஏறுமுகமே இல்லை. சென்னை முற்றுகை பலிக்கவில்லை. 1760-ல் வந்தவாசியில் தோற்றார். 1761 ஜனவரி 16-ந்தேதி புதுச்சேரியும் சரணடைந்தது. அங்கேயும் வென்றது பசிதான்.

கைதியாக லண்டன் சென்ற லாலி, தம்மீது சொல்லப்பட்ட பழியைத் துடைக்கத் தாமே பிரான்சுக்குத் திரும்பினார். அவரைச் சிறையில் அடைத்தார்கள். துரோகி என்று தீர்ப்பளித்து, 1766 மே 9-ந்தேதி பாரிசில் வாயைக் கட்டித் தலையை வெட்டினார்கள்.

அறிஞர் வால்டேரும் லாலியின் மகனும் நீதிக்காகப் போராடினார்கள். 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. லாலி துரோகி அல்ல. நாட்டைப் பிடிக்க வந்தவர், அந்த நாட்டு மக்களைப் பகைத்துக்கொண்டார். அதுவே அவரை வீழ்த்தியது.