சேர் ஜோன் கொத்தலாவலை: கொள்கையும் முரண்பாடும்

இரத்மலானையிலுள்ள கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தை நம் மாணவர் அறிவர். அப்பெயருக்குரியாரின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. தமது கந்தவளைத் தோட்டத்தை அதற்கென ஈந்த சேர் ஜோன் கொத்தலாவலை, றோயல் கல்லூரியிலும் கேம்பிறிட்ஜிலும் பயின்று, 1931இல் அரசாங்க சபை புகுந்து, 1953 ஒக்டோபரிற் பிரதம மந்திரியானவர்.

அது இடர் மிக்க காலம். கூப்பன் அரிசி கொத்தொன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமையால், 1953 ஓகஸ்டு 12இற் கர்த்தால் மூண்டது. டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். வெள்ளவத்தையாயினும் கொட்டாஞ்சேனையாயினும், நகர மக்கள் பிறநாட்டு அரிசியையே பெரிதும் நம்பியிருந்தனர்.

சேர் ஜோன் பொதுவுடைமையைக் கடுமையாக எதிர்த்தவர். 1955 ஏப்பிரலிற் பாண்டுங் மகாநாட்டில், கிழக்கு ஐரோப்பாவிற் சோவியத் ஆதிக்கமும் குடியேற்றவாதமே என வாதிட்டு நேருவின் அதிருப்திக்கு ஆளானார். ஆயினும், 1952இற் சீனத்துடன் செய்யப்பட்ட அரிசி–றப்பர் உடன்படிக்கையை அவர் கைவிட்டாரல்லர். ஆண்டுதோறும் 270,000 தொன் அரிசிக்கும் 50,000 தொன் றப்பருக்கும் வகைசெய்தது அது. நம் றப்பருக்குச் சந்தை விலையிலும் மிக்க விலை கிடைத்தது. அமெரிக்கா உதவி மறுத்தபோதும் அது நிலைத்தது.

1954இல் இந்தோசீனச் சமாதானத்தை நாடி ஐந்து நாட்டுப் பிரதமர் கொழும்பிற் கூடிய மகாநாட்டை நடத்தியவரும் அவரே. அவ்வாண்டிலே அப்போருக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்க இடமளித்தவரும் அவரே.

இவற்றை ஒரே தராசில் நிறுத்தல் தகாது என்பது நம் கருத்து. பகைக் கொள்கையுடைய நாட்டிடமும் அரிசி வாங்கியது குடிகளின் பசி தீர்க்கும் கடமை. அதனை முரண்பாடு என்பது பொருந்தாது. விமானங்களுக்கு இடமளித்தமைக்கோ அத்தகைய நியாயம் ஒன்றையும் நாம் காண்கிலேம்.

உள்நாட்டிலும் இவ்வளவையே கொள்ளல் வேண்டும். கொக்குவில் இந்துக் கல்லூரியில் இரு மொழிக்கும் சம அந்தஸ்து அளிப்பதாக வாக்களித்த அவரது கட்சி, 1956 பெப்ரவரியிற் களனி மகாநாட்டிற் சிங்களம் மட்டும் என்னும் கொள்கையைத் தழுவியது. அதனாற் பசி தீர்ந்ததுமில்லை. ஏப்பிரல் தேர்தலில் வெற்றி கிட்டியதுமில்லை. தமிழ் மக்கள் நம்பிக்கை இழந்ததே கண்ட பயன்.

சேர் ஜோன் 1980 ஒக்டோபர் 2இல் மறைந்தார். அரசியல் கற்கும் நம் இளைஞர், தலைவர் ஒருவர் தம் சொல்லை மாற்றினார் என்பதோடு அமையாது, எவர் நலன் கருதி மாற்றினார் என்பதையும் ஆராய்வாராக.